வராதவர்களுக்கு வீட்டுப்பாடம்

கீழக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு இருநூறு பக்க நோட்டு இருந்தது. பிள்ளைகள் அதைச் சேதி நோட்டு என்றார்கள். மலர்கொடி டீச்சர் வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம். தினமும் நாலு மணிக்கு முன்னால் அன்று நடத்திய பாடம், வீட்டுப்பாடம், பிள்ளையைப் பற்றி ஒரு வரி, இவ்வளவும் அதில் எழுதி அனுப்புவாள். வீட்டில் யாராவது பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலையில் நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் டிக் போடுவாள். கைநாட்டுக்கும் டிக்தான்.

ஆண்டிமடத்திலிருந்து வேலைக்கு வந்தவள். வீடு வீடாகப் போய் நின்று பேச அவளுக்குக் கூச்சம். நோட்டு இருந்தால் பேச வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். ஒரு பிள்ளை வரவில்லை என்றால், அதன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சாயங்காலம் போய் வீட்டுப்பாடத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். யாருக்கு யார் என்று ஜூன் மாதமே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வேணிக்கு ஆஃப்ரா என்று அதில் இருந்தது. ஆஃப்ராவுக்கு வேணி என்றும் இருந்தது.

வேணி ஆடி மாதம் செத்துப்போனாள். அவளுடைய அப்பா கண்ணையன் பருத்திக்காட்டைக் காவல் பார்த்துக்கொண்டு காட்டிலேயே ஓட்டுவீட்டில் குடியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் மொட்டைக் கிணறு. அறுபதடி ஆழம், இறங்கக் கல்படி உண்டு, சுற்றுச்சுவர் கிடையாது. ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு போனவள் உள்ளே விழுந்துவிட்டாள். அந்தச் சமயத்தில் அடியில் ஓராள் தண்ணீர்கூட இல்லை. காரியம் முடிந்ததும் கண்ணையன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாடாலூர்ப் பக்கம் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் விடுமுறை விட்டார்கள். மறுநாள் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று மலர்கொடிக்குத் தெரியவில்லை. அதனால் எதுவும் சொல்லவில்லை.

பதிவேட்டில் வேணியின் பெயரை அடிக்கலாமா என்று தலைமையாசிரியர் ராசாங்கத்திடம் கேட்டாள்.

"அவசரப்படாதீங்க டீச்சர். அந்தப் புள்ளையோட சேத்து ஸ்கூலுக்கே நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணு இருந்தாத்தான் ரெண்டாவது போஸ்ட்டு. டிசம்பர்ல ஆபீசுலேர்ந்து வந்து எண்ணிட்டுப் போவட்டும். அப்பறம் அடிப்போம்."

"அதுவரைக்கும் சார்?"

"அதுவரைக்கும் லீவு."

ரெண்டாவது போஸ்ட்டு அவளுடையதுதான். தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது பழக்கத்தில் வாய் வேணி என்றும் கூப்பிட்டுவிடும். வகுப்பு பேசாமல் இருக்கும். வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளாற்றில் தண்ணீர் போகும் சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்டது. ஓட்டிலிருந்து ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டுப் பாடம் நடத்தினாள்.

அன்று வியாழக்கிழமை. நாலு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு பார்த்தாள். பிள்ளைகள் உட்காரும் பலகையின் மேல் ஆஃப்ராவின் சேதி நோட்டு கிடந்தது. ஆஃப்ரா எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிற பிள்ளை இல்லை. பென்சில் துண்டைக்கூடப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு போவாள்.

ஐந்தாம் வகுப்பு ஃபர்ஹா வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆஃப்ரா வீட்டுத் தெருதான்.

"ஃபர்ஹா, போறப்ப இத ஆஃப்ரா வூட்டுல குடுத்துடறியா?"

ஃபர்ஹா நோட்டை வாங்கிப் புரட்டினாள். சிரித்தாள்.

"என்னா டீச்சர், ஓதுற அரபு எழுத்துல எழுதியிருக்கு."

"அது அவங்க அம்மா கையெழுத்துடி."

"இம்புட்டு நீளத்துக்கா?"

மலர்கொடியும் அதைக் கவனித்திருந்தாள். ஆகஸ்டில் ஒரு வரியாக இருந்தது. பிறகு இரண்டு, மூன்று வரியானது. இப்போது அரைப் பக்கம். ஆஃப்ராவின் அம்மா ஜைனம்பு பள்ளிக்கூடம் போகாதவள், ஓத மட்டும் படித்தவள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஏதாவது துஆ, வேண்டுதல் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே டிக் போட்டிருந்தாள்.

"படிக்க வருமா ஒனக்கு?"

"ஓதுவேன் டீச்சர். அர்த்தம் தெரியாது."

"சும்மா ஓது பாப்போம்."

ஃபர்ஹா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மதரசாவில் ஓதுகிற மாதிரியே உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, அந்த எழுத்து தொடங்கிய பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டினாள்.

"டீ... டீச்... ச... ரு... க்கு..."

நிறுத்தினாள்.

"டீச்சர், இது தமிழா வருது."

வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க பெரியம்மாகூட இப்படித்தான் எழுதுவாங்க" என்றாள் ஃபர்ஹா. "எழுத்து ஓதுற எழுத்து. பேச்சு நம்ம பேச்சு."

"படி."

சில எழுத்துகள் அவளுக்குத் தெரியவில்லை. அவற்றை விட்டுவிட்டுத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து சேர்த்தாள். அதே ராகம்தான். ராகத்துக்குள்ளிருந்து வேறொரு பெண் பேசுகிற மாதிரி இருந்தது.

"டீச்சருக்கு சலாம். ஆஃப்ரா தினம் சாயங்காலம் வேணி வூட்டுக்குப் போயிட்டு வருது. வராதவங்களுக்கு வூட்டுப்பாடம் சொல்லணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கன்னு சொல்லுது. நீங்க சொன்னதா?"

கீழே சிவப்பு டிக்.

"வேணி மௌத்தாயி ரெண்டு மாசம் ஆவுது. வூடு பூட்டிக் கெடக்கு. கெணத்து மேல நின்னு சொல்லிட்டு வருதாம். அதுவும் நீங்க சொன்னதா?"

டிக்.

"மழ புடிச்சிருச்சு. படி வழுக்கும். எனக்கு ஏழு மாசம், எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. போயிப் பாக்க முடியல. புள்ளய அனுப்பாம இருக்கலாமா?"

டிக். அனுப்பாமல் இருக்கலாம் என்றா, அனுப்பு என்றா? ஜைனம்பு எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று அடுத்த நாள் எழுதியதிலிருந்து தெரிந்தது. "நீங்க சொன்னா சரி. டீச்சர் பேச்ச மீறக் கூடாதுன்னு புள்ளயோட அத்தாவும் போன்ல சொன்னாரு."

ஃபர்ஹா ஆடுவதை நிறுத்தியிருந்தாள். கடைசிப் பக்கம் நேற்று எழுதியது. குரல் இறங்கிவிட்டது.

"வேணி தண்ணிக்குள்ள வந்து சொல்லித் தரச் சொல்லுதாம். போவட்டுமான்னு ஆஃப்ரா கேக்குது. டீச்சர்ட்ட கேக்காம போவாதன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். போவலாமா, கூடாதா, ஒரு வார்த்த எழுதுங்க."

அதற்குக் கீழேயும் டிக் இருந்தது. இன்று காலையில் போட்டது. மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது.

மலர்கொடி நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "ஃபர்ஹா, ஆஃப்ரா வூட்டுக்குப் போ. புள்ள வந்துருக்கான்னு பாரு. வரலன்னா யாரையாவது காட்டுக்கு அனுப்பு." வாசலைத் தாண்டும்போது சொன்னது ஃபர்ஹாவுக்குக் கேட்டதோ என்னவோ.

பருத்திக்காட்டின் வரப்பு கரைந்திருந்தது. செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்து இலைகளில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றன. இரண்டு இடத்தில் விழுந்தாள். ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. மழை நின்றிருந்தது. காட்டில் ஒரு காக்கைகூட இல்லை.

கண்ணையன் வீட்டுக் கதவில் பூட்டு துருப்பிடித்திருந்தது. அதற்குப் பின்னால் கிணறு.

மேல் விளிம்பில் சிறிய ரப்பர் செருப்புகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பள்ளிக்கூட வாசலில் விடுவதுபோல் விடப்பட்டிருந்தன.

கிணறு இப்படி நிறைந்து அவள் பார்த்ததில்லை. கறுப்பாக, அசையாமல், மேலிருந்து ஏழெட்டுப் படி இறங்கினால் தொடும் தூரத்துக்குத் தண்ணீர் வந்திருந்தது. கடைசியாகத் தெரிந்த படியில் ஆஃப்ரா உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் கணுக்கால் வரை தண்ணீருக்குள். மடியில் வாய்ப்பாட்டுப் புத்தகம்.

"ஏழு அஞ்சு?" என்றாள் தண்ணீரைப் பார்த்து.

கொஞ்சம் பொறுத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ம். சரி. ஏழு ஆறு?"

மலர்கொடி கத்தவில்லை. கத்தினால் பிள்ளை திடுக்கிடும். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கல்லில் பாசி. மூன்று படி இடைவெளியில் நின்றுகொண்டாள்.

"ஆஃப்ரா."

"டீச்சர்!" பிள்ளை சந்தோஷமாகத் திரும்பினாள். "நீங்களும் வந்துட்டீங்களா? பாருங்க டீச்சர், இவ ஏழாம் வாய்ப்பாடு பாதி வரைக்கும் வந்துட்டா."

"மேல வாம்மா."

"முன்னாடில்லாம் கத்திச் சொல்லணும் டீச்சர். அடியில இருந்தா. நான் சொன்னதயே திருப்பிச் சொல்லிக்கிட்டே இருப்பா, மக்கு. மழ வந்ததுலேர்ந்து மேல வந்துட்டா. இப்ப கத்த வேணாம். அவளும் மெதுவாத்தான் சொல்றா."

எதிரொலி கேட்கப் பதினேழு மீட்டர் தூரம் வேண்டும் என்று மலர்கொடி படித்திருந்தாள். ஆடியில் கிணறு அவ்வளவு ஆழம் இருந்தது. இப்போது இல்லை. முன்பு கேட்டது எதிரொலி. அது கேட்பது நின்றுபோயிருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இப்போது கேட்பது என்ன?

"நேத்து வச்ச சாக்பீஸ எடுத்துக்கிட்டா" என்றாள் ஆஃப்ரா. "தெனமும் ஒண்ணு வப்பேன். படியில வச்சா மறுநாள் இருக்காது."

நேற்றைய படி இன்று தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீரில் அந்த இடத்தில் மட்டும் பால் விட்ட மாதிரி மெல்லிய வெள்ளை.

"வாம்மா. அம்மா தேடுவாங்க."

"அம்மாதான் கேட்டு எழுதினாங்களே. நீங்க டிக் போட்டுட்டீங்க." பிள்ளை ஒரு படி இறங்க வாகாகப் பாவாடையைத் தூக்கிச் செருகினாள். "முப்பத்தஞ்சுக்கு மேல அவளுக்குக் கையப் புடிச்சுத்தான் எழுத வைக்கணும்."

"ஆஃப்ரா, நில்லு. அந்த டிக் தப்பு."

பிள்ளை நின்றாள்.

"டீச்சர் தப்பாத் திருத்திட்டேன்."

"டீச்சரா?"

"ஆமா. இங்க பாரு." நோட்டைப் பிரித்தாள். கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். டிக்கின் மேல் குறுக்கே கோடு போட்டாள். பக்கத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள். ஈரத்தில் மை பரவியது.

ஆஃப்ரா உற்றுப் பார்த்தாள். கணக்கு நோட்டில் தப்பு விழுந்தால் பார்க்கிற அதே பார்வை.

"அப்ப போவக் கூடாதா?"

"கூடாது."

"அவ காத்துக்கிட்டு இருக்காளே."

"நான் சொல்லிக்கிறேன்."

"நீங்களா வந்து சொல்லுவீங்களா?"

"நானே வந்து சொல்றேன். கையக் குடு."

கை சில்லென்று இருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். எட்டு வயதுப் பிள்ளை அந்தக் கனம் கனக்காது. மேலே வந்து செருப்பைப் போட்டுவிட்ட பிறகும் மலர்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. ஆஃப்ரா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கையாட்டினாள்.

பாதி வழியில் இரண்டு ஆட்களோடு ஃபர்ஹா எதிரே வந்தாள். எல்லோரும் சேர்ந்து ஜைனம்பு வீட்டுக்குப் போனார்கள்.

ஜைனம்பு கூடத்துக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கணவர் தாஜுதீன் சவுதியிலிருந்து கொண்டுவந்த கம்பளியும், கோடாலித் தைல வாசனையும். அவருடைய அக்கா மைமூன் சமைத்துப் போட வந்திருந்தாள். சின்ன வெங்காயம் உரித்து முறத்தில் பாதி கிடந்தது. அடுப்பில் ரவைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் ஈரப் பாவாடையைப் பார்த்ததும் மைமூன் அகப்பையோடு எழுந்தாள்.

"வந்துட்டியாடி! டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்கன்னு மூணு மாசமா எங்கள ஏமாத்துனியே. ஒரு டீச்சர் அப்புடிச் சொல்லுவாங்களா? பொய் சொல்ற வாய்க்கு..."

"நான் பொய் சொல்லல மாமி!"

"பின்ன என்ன டீச்சரா பொய் சொல்றாங்க?"

அகப்பை உயர்ந்தது. மலர்கொடி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். பிள்ளைக்கு நாலு அடி விழும், அதோடு முடிந்துவிடும். வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் மலர்கொடியையே பார்த்தார்கள்.

"அடிக்காதீங்கம்மா. நான்தான் சொன்னேன்."

மைமூன் திரும்பினாள்.

"வராதவங்க வூட்டுக்குப் போயி சொல்லணும்னு நான்தான் சொன்னேன். வேணி பேரத் தெனமும் கூப்புட்டேன். வரலன்னு போட்டேன். செத்துட்டான்னு சொல்லவே இல்ல. அவ நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கா."

"அப்ப இவ எழுதுனதுக்கெல்லாம் சிகப்பு மையில டிக் போட்டீங்களே, அது?" மைமூன் கட்டிலைக் காட்டினாள்.

"எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாதுங்க."

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. மைமூன் ஓடிப்போய் இறக்கினாள். அங்கிருந்தபடியே, "படிச்சவங்க" என்றாள்.

ஜைனம்பு அப்போதுதான் வாய் திறந்தாள். சத்தம் வராத குரல்.

"மூணு மாசமா எழுதறேன் டீச்சர். ஒருநா கூட டிக் விடாம போடுவீங்க. நான் புள்ளயோட அத்தாகிட்ட போன்ல சொல்லுவேன், டீச்சர் எவ்ளோ பொறுப்புன்னு."

மலர்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"படிக்கத் தெரியலன்னா புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேக்கக் கூச்சமா இருந்துச்சுங்க."

ஜைனம்பு வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு, "மைமூனக்கா, டீச்சருக்குக் கஞ்சி ஊத்துங்க. நனைஞ்சிருக்காங்க" என்றாள். மைமூன் ஊற்றிக்கொடுத்தாள். டம்ளரைக் கையில் தராமல் தரையில் வைத்தாள். மலர்கொடி எடுத்துக் குடித்தாள். நாக்கு வெந்தது.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் சிவப்பு மையில் வேணியின் பெயருக்கு மேல் கோடு இழுத்தாள். ராசாங்கம் சார் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க போஸ்ட்ட நீங்களே அடிக்கிறீங்க டீச்சர்."

"தெரியும் சார்."

"டிசம்பர்ல எங்க தூக்கிப் போடுவாங்களோ."

"போடட்டும் சார்."

பிறகு எழுந்து நின்றாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"வேணி செத்துப்போயிட்டா. இனிமே பள்ளிக்கூடம் வர மாட்டா. அவளுக்கு யாரும் வீட்டுப்பாடம் சொல்லப் போவ வேணாம்."

பின்வரிசையில் ஒரு பையன், "அது எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றான். யாரோ சிரித்தார்கள். ஆஃப்ரா சிரிக்கவில்லை. எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அவளுக்குத் தெரியாதுல்ல" என்றாள் மெதுவாக. "நீங்க போயி சொல்றேன்னீங்க."

"சாயங்காலம் போறேன்."

"சும்மா போவாதீங்க டீச்சர்." பெட்டியிலிருந்து உடையாத முழு சாக்பீஸ் ஒன்றைப் பொறுக்கி எடுத்து மேசையில் வைத்தாள். மலர்கொடி அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் திருப்திக்காகத்தான். கிணற்றில் வைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

நாலரைக்குக் கிணற்றடியில் நின்றாள். இரவு பெய்த மழையில் இன்னும் இரண்டு படி மறைந்திருந்தது. ஆள் யாரும் இல்லை என்றாலும் பேச வெட்கமாக இருந்தது. பிறகு பேசினாள்.

"வேணி. டீச்சர் பேசறேன். ஒம் பேர அடிச்சாச்சு. இனிமே ஆஃப்ரா வர மாட்டா. நீ கூப்புடக் கூடாது."

எதிரொலி இல்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ஏதோ பதிலுக்காக நிற்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் நினைவு வந்தது. நடந்தாள்.

ஜைனம்பு வீட்டு வாசலிலேயே ஆஃப்ரா நின்றாள். கட்டிலிலிருந்து ஜைனம்புவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"சொல்லிட்டேன்."

"கேட்டுக்கிட்டாளா?"

"கேட்டுக்கிட்டா."

ஜைனம்பு கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, "வந்து உக்காருங்க" என்றாள். குரல் நேற்றுப்போல் இல்லை. மலர்கொடி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, "எனக்கு அந்த எழுத்தச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள். முதல் எழுத்தை எழுதிக் காட்ட ஜைனம்பு காகிதம் தேடினாள். ஆஃப்ரா சிலேட்டை எடுத்துவந்தாள்.

"சாக்பீஸ் குடுங்க டீச்சர். காலைல எடுத்துக்கிட்டு போனீங்களே, அது."

மலர்கொடி பையைத் திறந்தாள். பஸ் டிக்கெட், சிவப்புப் பேனா, கைக்குட்டை. மடியில் கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை.

வலது கையை விரித்தாள். விரல் நுனியெல்லாம் ஈரத்தில் குழைந்த வெள்ளை. முழங்கை வரைக்கும் ஜாக்கெட் நனைந்திருந்தது. படியில் இறங்கியது அவளுக்கு நினைவில்லை.